பிள்ளையாருக்குக் கீழே மெத்தென்ற இடம்

1

இந்தக் கதை ஓர் இரண்டு ரூபா நாணயக் குற்றியிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. கதை பிறப்பதற்கு ஒரு துயரமோ, ஒரு முகமோ, குறைந்தபட்சம் ஒரு மழையோ வேண்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு வாய்த்தது குற்றி. ஒரு சனிக்கிழமை காலையில் அந்தக் குற்றியால் பல இடங்கள் தட்டப்பட்டன. அவற்றுள் ஓர் இடம் எழுப்பிய ஓசையை மட்டும் இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை. அதை எழுத்தில் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறேன். முடியாவிடின் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இது என் முதற் கதை.

கதையை மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன்.

கடல் அன்று ஏனோ [நிறுத்திவிட்டேன். இக்கதையில் கடல் வராது. படகு ஓடியது ஒரு வாவியில்.]

யுத்தம் என்பது [இந்தச் சொல்லில் தொடங்கினால் வாக்கியத்தை முடிக்க எனக்கு அறிவு போதாது.]

1998 ஒக்டோபர் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஸ்ரீஸ்கந்தராசாவின் வலது கால் அவருடைய சொந்தப் படகினுள் அரை அங்குலம் புதைந்தது.

மூன்றாவது பரவாயில்லை போலத் தோன்றுகிறது. மற்ற இரண்டையும் வெட்டியிருக்கலாம். வெட்டுவதற்கு எனக்குக் கை வருவதில்லை. எழுதிய வாக்கியத்தைப் பார்த்து ‘நீ வேண்டாம்’ என்று எப்படி முகத்துக்கு நேரே சொல்வது? ஆகவே அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

2

ஸ்ரீஸ்கந்தராசா ஒரு பொறியியல் நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் மனைவி அருந்ததியுடன் வசித்தார். அவருடைய நிறுவனத்தின் வெள்ளைக்கார முகாமையாளர், நகரத்தில் குண்டுகள் அடிக்கடி வெடிக்கத் தொடங்கிய தொண்ணூற்றாறாம் ஆண்டில், பெட்டி படுக்கையுடன் தாய்நாடு திரும்பினார். போகும்போது குளிர்சாதனப் பெட்டியைச் சாரதிக்கும், நாயைச் சமையற்காரருக்கும், பாய்ப்படகை ஸ்ரீஸ்கந்தராசாவுக்கும் கொடுத்தார். ஸ்ரீஸ்கந்தராசா எதிர்பார்த்திருந்தது குளிர்சாதனப் பெட்டியை.

அது இரட்டைப் படகு. ஒடுங்கிய இரண்டு உடல்கள் பக்கம் பக்கமாக மிதக்க, அவற்றை இணைத்து மேலே ஒரு தளம். தளத்தின் முன்பாதியில் பாய்மரம். எல்லாம் பைபர் கிளாஸ். பாய்ப்படகுக் கழகத்தார் அதைக் கற்றமரன் என்பர். [நம்முடைய கட்டுமரம்தான் வெளிநாடு போய்க் காற்சட்டை அணிந்து திரும்பியிருக்கிறது என்று இவ்விடத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள் என்று ஒருவர் சொன்னார். வாசிக்காததுபோல் கடந்து செல்லுங்கள்.]

படகு நின்றது கொழும்புக்குத் தெற்கே ஒரு வாவிக்கரைக் கழகத்தில். அக்காலத்தில், கழகத்தின் உள்ளே படகு வைத்திருக்கும் தமிழர் விளையாட்டு வீரர். அதே படகைக் கழகத்துக்கு வெளியே வைத்திருக்கும் தமிழர் விசாரணைக்குரியவர். ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு நீந்தத் தெரியாது. என்றாலும் வெள்ளிதோறும் காலையில் ஒரு மணித்தியாலம் படகோட்டினார். வாவியின் நடுவில் அடையாள அட்டை கேட்பதற்கு ஒருவரும் இல்லை. மற்ற ஆறு நாளும் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்த மனிதர், அந்த ஒரு மணித்தியாலம் சட்டையே இல்லாமல் இருந்தார்.

புதிய படகு என்றால் பிள்ளையார் இல்லாமல் எப்படி? கையகலப் பித்தளைத் தகட்டில் எழுந்தருளியிருந்த பிள்ளையாரைப் பாய்மரத்தின் அடியில் தளத்தோடு நான்கு திருகாணிகளால் தாமே பொருத்தினார். வெள்ளிதோறும் அரை ரம்ளர் பசுப்பால் வார்த்து அபிஷேகம் செய்தபின்பே பாயை விரித்தார். இது இரண்டு வருடம் நடந்தது. பிறகுதான் கால் புதைந்தது.

கழகம் கூடி ஆலோசித்தது. மேற்றளம் மெத்தென்று இருக்கும் படகை வாவியில் விட முடியாது. மட்டக்குளியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய்த் திருத்த ஒக்டோபர் 31 வரை அனுமதிக் கடிதம் தரப்படும். கழகத்தின் உதவிச் செயலாளர் சிவானந்தன் பட்டறைக்கே வந்து பரிசோதித்து, மேற்றளம் உறுதி என்று படிவத்தில் ஒப்பமிட்டால் படகு திரும்பி வரலாம். இல்லையேல் பதிவு நீக்கப்படும். அதன்பின் அது மட்டக்குளியில், ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், ஒரு யாழ்ப்பாணத்தவருக்குச் சொந்தமான வெறும் படகு.

3

பட்டறைக்காரர் இராஜநாயகம் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். தண்ணீர்த் தாங்கி வார்ப்பார். கோயில் சுரூபங்களின் உடைந்த விரல்களையும் மூக்குகளையும் ஒட்டுவார். லொறியிலிருந்து படகு இறங்கியதும் அதை ஒருமுறை சுற்றி வந்தார்.

“சேர், ரெண்டு ரூவாக் குத்தி ஒண்ணு தாங்க.”

“உம்மட்டைச் சுத்தியல் இல்லையோ?”

“இருக்கு. சுத்தியலுக்குக் காது மந்தம் சேர்.”

அவர் மண்டியிட்டு, குற்றியின் விளிம்பால் தளத்தை ஓர் அங்குலத்துக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு போனார். டிக், டிக், டிக். திடீரென்று தொப். அந்த இடத்தில் சோக்கால் ஒரு புள்ளி வைத்தார்.

“மேலயும் கீழயும் பைபர், நடுவுல லேசு மரம். கேக்குக்கு நடுவுல ஐசிங் மாதிரின்னு வச்சிக்கங்க. எங்கயோ ஒரு ஓட்டையால தண்ணி இறங்கியிருக்கு. மரம் ஊறி அழுகி, மேல்தோலு தனியா நிக்குது. அழுகினத நோண்டி எடுத்து, புது மரம் வச்சி, மேல பைபர் போட்டா டெக் கல்லு மாதிரி. ஆனா ஓட்டை எங்கன்னு முதல்ல பாக்கணும். இல்லாட்டி அடுத்த வருசம் மறுபடி வருவீங்க.”

அரை மணித்தியாலத்தில் தளத்தில் ஏகப்பட்ட புள்ளிகள். எழுந்து நின்று பார்த்தால், விரித்த பத்திரிகையின் அளவில், பிள்ளையாரைச் சுற்றிப் போட்ட கோலம்போல் இருந்தது. இருவரும் பார்த்தார்கள். பிறகு இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

“மழை வரும் போல,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

“வரும் சேர்.”

கோலத்தின் ஓரத்தில் சிறிய துளை ஒன்று போட்டதும் கபில நிற மரத்தூள் பிசுபிசுவென்று வெளியே வந்தது. இராஜநாயகம் அதை மூக்கருகே கொண்டுபோய் இரண்டுமுறை முகர்ந்தார்.

“இது தண்ணி வாசம் இல்லையே சேர்.”

“வாவித் தண்ணி இப்ப சரியான பழுது.”

“வாவியில யாரும் தயிர் விக்கிறாங்களா?”

மத்தியானச் சாப்பாட்டுடன் வந்திருந்த அருந்ததி பாத்திரத்தை வாங்கில் வைத்தார்.

“தம்பிக்கு ஏன் ஒளிக்கிறியள்? வெள்ளிக்கு வெள்ளி அரை ரம்ளர் பசுப்பால், தம்பி. ரெண்டு வருசமா. எனக்குத் தேத்தண்ணிக்கு மாப்பால்தான்.”

“அது சாமி விசயம், அருந்ததி.”

“சாமி குடிச்சாத்தானே. கீழை மரமெல்லே குடிச்சிருக்கு.”

நான்கு திருகாணித் துளைகளிலும் நீர் புகாத பசை எதுவும் இல்லை என்பதை இராஜநாயகம் படகு வந்த முதல் நிமிடத்திலேயே கண்டிருந்தார். ஆனால் ஒருவருடைய கடவுள் ஒழுகுகிறார் என்று இன்னொரு கோயில்காரர் எப்படிச் சொல்வது?

4

தகட்டைக் கழற்றாமல் தளத்தை வெட்ட முடியாது.

“கழட்டுமன்,” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

“நான் கை வைக்கமாட்டேன் சேர். நான் அந்தோணியார் கோயில் ஆளு. நாளைக்கி உங்களுக்குச் சும்மா சளி தடிமன் வந்தாலும் எம்மேலதான் வரும்.”

ஸ்ரீஸ்கந்தராசா திருகாணிச் சாவியைத் தாமே எடுத்தார், பிள்ளையாரைப் பார்த்தார், சாவியை வைத்துவிட்டுத் தொலைபேசி இருக்கும் கடைக்கு நடந்தார். வெள்ளவத்தைக் குருக்கள் ஐயா எல்லாவற்றையும் கேட்டார்.

“எத்தினை வருசமாப் பால் வார்க்கிறீர்?”

“ரெண்டு, ஐயா.”

“அப்ப அது தகடு இல்லை, மூர்த்தி. குறட்டாலை பிடுங்கேலாது. கோயில் திருத்தேக்கை என்ன செய்யிறம்? பாலஸ்தாபனம். சாமியைத் தற்காலிகமா வேறை இடத்திலை எழுந்தருளப் பண்ணி, வேலை முடிய நல்ல நேரம் பாத்துத் திருப்பி வைக்கிறது.”

“ஐயா, இது வள்ளம்.”

“வள்ளத்திலை வைக்கேக்கை என்னைக் கேட்டனீரோ?”

குருக்கள் ஐயா முச்சக்கர வண்டியில், மூன்று காவலரண்களில் இறங்கி ஏறி, மட்டக்குளிக்கு வந்தார். பைபருக்குப் பூசும் ரெசின் வந்த நீல நிறப் பீப்பாவைக் கவிழ்த்து, பட்டு விரித்து, பச்சையரிசி பரப்பி, ஐயாவே திருகாணிகளைக் கழற்ற, பிள்ளையார் எழுந்தருளினார். பட்டறையில் வேறு நிழலான இடம் இல்லாமையால், பழுதுபார்க்க வந்திருந்த அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. [அந்தோனியாருக்குப் பழுதாயிருந்தது மூக்கு. இதையொட்டி எனக்குத் தோன்றிய வாக்கியத்தை, இரு சமயத்தாரின் மனமும் புண்படலாம் என்று அஞ்சி, எழுதாமல் விடுகிறேன். உங்களுக்கும் இப்போது அது தோன்றியிருக்கும்.]

மறுபடி எழுந்தருள நல்ல நேரம்: ஒக்டோபர் 31, சனிக்கிழமை, காலை 10.12 முதல் 10.54 வரை. அதை விட்டால் இரண்டு மாதம் இல்லை.

5

இவ்விடத்தில் ஒரு சிறு தடங்கல். முதற்படியை வாசித்த நண்பர் ஒருவர் கேட்டார்: “அந்த உதவிச் செயலாளர் சிவானந்தன் எதற்கு? அவர் ஒன்றுமே செய்யவில்லையே.”

உண்மை. ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான் அவர் செய்தது. வெள்ளிதோறும் கழக விறாந்தையில் தேநீருடன் நின்ற சிவானந்தன், பால் தகட்டின் மேல் விழுவதையும், ஒரு வெள்ளை இழை திருகாணியடியில் இறங்குவதையும், இறங்கியது வெளியே வராததையும் பார்த்தார். பசையில்லாத திருகாணி தளத்தை அழுக வைக்கும் என்பது அவருக்குத் தெரியும். படகுப் பராமரிப்பில் சான்றிதழ் பெற்றவர். ஆனால் வயதில் மூத்தவர், பக்தி விடயம், தவிர அன்று வெள்ளிக்கிழமை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தார். அவ்வாறு நூறு அடுத்த வாரங்கள் கழிந்தன.

நண்பருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். சிவானந்தன் நான்தான். படர்க்கையில் எழுதினால் ஆள் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

6

வியாழக்கிழமை பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் வந்தார், இரண்டு பொலிஸ்காரர்களுடன். நான் அங்கே இல்லை. அருந்ததி அக்கா சொன்னபடி எழுதுகிறேன்.

அழுகிய மரம் முழுவதும் தோண்டப்பட்டு, புது மரம் பதிக்கப்பட்டு, மேற்தோல் போடுவதற்குத் தளம் தயாராக இருந்தது. சார்ஜன்ட் கழகத்தின் அனுமதிக் கடிதத்தை முன்புறம் வாசித்தார். வெறுமையான பின்புறத்தையும் வாசித்தார். பிறகு சிறிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை எடுத்துச் சிங்களத்தில் கேட்டார், இது என்ன என்று.

“ஹார்ட்னர், மாத்தயா,” என்றார் இராஜநாயகம். “ரெசினுக்குச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது இறுகும்.”

“வெடிக்குமா?”

“இல்லை மாத்தயா. காட்டுகிறேன்.”

காட்டாமல் இருந்திருக்கலாம். போத்தலைச் சற்று அதிகமாக அழுத்தியதில் சொட்டுச் சொட்டாக விழவேண்டியது ஒரே மடக்காகக் கிண்ணத்துள் விழுந்தது. அளவுக்கு மிஞ்சிய ஹார்ட்னர் விழுந்தால் ரெசின் கொதிக்கும். கிண்ணம் முதலில் சூடேறியது, பிறகு வெடித்துப் பிளந்தது, பிறகு புகைந்தது. பொலிஸ்காரர் இருவரும் அந்தோனியாருக்குப் பின்னால் பதுங்கினர். ஸ்ரீஸ்கந்தராசா, ஒருவரும் சொல்லாமலே, இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

“கையை இறக்குங்கோ,” என்றார் அருந்ததி. “அவர் இன்னும் கேக்கேல்லை.”

புகை அடங்கியது. சார்ஜன்ட் குனிந்து, தம் பேனாவால் கிண்ணத்தைத் தட்டினார். டிக். உள்ளே இருந்தது கல்லாகியிருந்தது. நிமிர்ந்தபோது பீப்பாவின் மேலிருந்த பிள்ளையாரைக் கண்டு, தொப்பியைக் கழற்றினார். “கண தெய்யோ,” என்று பிள்ளையாரைச் சிங்களத்தில் மெதுவாக அழைத்தார்.

[இவ்விடத்தில் சார்ஜன்ட் புன்னகைத்து, ஸ்ரீஸ்கந்தராசாவின் தோளில் தட்டி, எல்லோருமாகத் தேநீர் அருந்துவதாக ஒரு பந்தி எழுதியிருந்தேன். அக்கா வாசித்துவிட்டு, “ஆர் இந்த ஆள்?” என்று கேட்டார்.]

சார்ஜன்ட் தொப்பியைத் திரும்ப அணிந்துகொண்டு சொன்னது இதுதான்: “கடிதம் சனிக்கிழமை வரை. ஞாயிறு காலை வருவேன். படகு இங்கே இருந்தால் படகையும் கொண்டுபோவேன், படகுக்கார மாத்தயாவையும் கொண்டுபோவேன்.” மிகவும் மரியாதையாகச் சொன்னாராம். அதனால்தான் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

7

போத்தலில் எஞ்சியிருந்த ஹார்ட்னர் போதாது. விற்கும் கடையில், பொலிஸ் கடிதம் இருந்தால் தரலாம் என்றார்கள். அந்தக் கடிதத்தைத் தரக்கூடியவர் அதே சார்ஜன்ட்.

வெள்ளிக்கிழமை மழைக்கிடையில், தறப்பாளின் கீழ், மேற்தோல் போடும் வேலை தொடங்கியது. கண்ணாடி நாரை விரித்து, ரெசின் பூசி, காற்றுக் குமிழ்களை உருளையால் தள்ளி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. அப்படித்தான் முறை.

“ஒரு கிண்ணத்துக்கு எத்தினை துளி வேணும்?” ஸ்ரீஸ்கந்தராசா மூன்றாந் தடவையாகக் கேட்டார்.

“பத்து சேர்.”

“நடுவுக்கு வரேக்கை எத்தினை மிஞ்சும்?”

“ஆறு.”

“ஆறு போட்டா இறுகாதோ?”

“இறுகும். இறுகாமலும் இருக்கும். மேல காஞ்சமாதிரித் தெரியும், உள்ள பாணிமாதிரி நிக்கும். அந்தோணியாருக்குத்தான் தெரியும்.”

“நடுவிலை இருக்கப்போறது பிள்ளையாரெல்லோ, தம்பி,” என்றார் அருந்ததி. “அவருக்கெல்லோ தெரியவேணும்.”

நடுவில் இருக்கப்போவது பிள்ளையார் மட்டுமல்ல. அதே இடத்தில்தான் பாய்மரத்தின் அடி நிற்கும். காற்றுப் பிடித்தால் பாயின் பாரம் முழுவதும் அந்தக் கையகல இடத்தில் இறங்கும். தளம் விட்டுக்கொடுத்தால் வாவியின் நடுவில், நீந்தத் தெரியாத ஒருவரின் மேல், பாய்மரம் சாயும்.

கடைசிக் கிண்ணத்துக்கு ஆறு துளியும் விழுந்தன. நூறு வாற்று மின்குமிழ்கள் இரண்டைச் சூட்டுக்காகத் தாழக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

8

முடிவுகள் இரண்டை முன்னதாகவே எழுதி வைத்திருந்தேன்.

(அ) மேற்றளம் கல்லாக ஒலிக்கிறது, படகு வாவிக்குத் திரும்புகிறது, மாலைச் சூரியன் [இந்தச் சூரியனை நான் பார்க்கவில்லை. அன்று மழை.]

(ஆ) உதவிச் செயலாளர் நெஞ்சை நிமிர்த்தி, “ஐயா, இந்தப் படகு” [உதவிச் செயலாளரை எனக்குத் தெரியும். இவ்வாறு பேசமாட்டார்.]

நடந்தது வேறு. காவலரணில் பேருந்து மறிக்கப்பட்டு, நான் மட்டக்குளியில் இறங்கியபோது மணி பதினொன்று ஐந்து. நல்ல நேரம் கடந்துவிட்டது. அதாவது, தவறாமல் பயன்படுத்தப்பட்டுவிட்டது. இம்முறை துளைகளில் பசை நிரப்பித் திருகாணிகளை முடுக்கியிருந்தார் இராஜநாயகம். பிள்ளையார் தம் பழைய இடத்தில், செவ்வரத்தம்பூ மாலையுடன் இருந்தார். வாசலில் லொறி இயந்திரத்தை நிறுத்தாமலே நின்றது. கடிதம் அன்றைக்கு மட்டுந்தான் செல்லும்.

இராஜநாயகம் இரண்டு ரூபாக் குற்றியை என் கையில் வைத்தார்.

நான் மண்டியிட்டு, ஓரத்திலிருந்து தட்டினேன். டிக். டிக். டிக். சுற்றிச் சுற்றி உள்ளே வந்தேன். எல்லா இடமும் டிக். எஞ்சியது ஒரு கையகலம். அந்தக் கையகலத்தில் பிள்ளையார் இருந்தார். அவருக்குக் கீழே இருப்பதை அறிய வேண்டுமானால் அவருடைய வயிற்றில் தட்டவேண்டும், இரண்டு ரூபாக் குற்றியால், நான்கு பேர் முன்னிலையில், அபிஷேகம் முடிந்து ஒரு மணித்தியாலம் ஆகுமுன். கழற்றலாம் என்றால், அடுத்த நல்ல நேரம் இரண்டு மாதம் கழித்து. சார்ஜன்ட் நாளைக் காலை.

குருக்கள் ஐயா தொண்டையைச் செருமினார்.

எதையாவது சொல்லவேண்டும் என்று, இரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்.

“ஐயா, நீங்கள் பால் வார்க்கேக்கை, அது திருகாணிக்குள்ளை இறங்கிறதை நான் பாத்தனான். ஒவ்வொரு வெள்ளியும். சொல்லேல்லை. மன்னிக்கவேணும்.”

ஸ்ரீஸ்கந்தராசா என்னைக் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீர் பாக்கிறதை நானும் பாத்தனான், தம்பி,” என்றார். “படகு படிச்ச பிள்ளை பாத்துக்கொண்டு பேசாமல் நிக்குது, அப்ப பிழை இல்லையாக்கும் எண்டு நினைச்சன்.”

மழை மறுபடி தூறத் தொடங்கியது. லொறிச் சாரதி ஒருமுறை ஹோர்ன் அடித்தார்.

நான் செய்வதறியாது, சிறு வயதில் பழகியபடி, பிள்ளையாருக்கு முன்னால் தலையில் மூன்றுமுறை குட்டிக்கொண்டேன். குற்றி இன்னும் என் விரல்களுக்கிடையில் இருந்ததை மறந்துபோனேன். அதன் விளிம்பு என் நெற்றிப்பொட்டில் பட்டு எழுப்பிய ஓசைதான் நான் தொடக்கத்தில் குறிப்பிட்டது. பட்டறை முழுவதற்கும் கேட்டது. இராஜநாயகம், தொழில் பழக்கத்தில் போலும், தலையைச் சரித்துக் காது கொடுத்தார்.

“என்ன மாதிரி?” என்று அருந்ததி அக்கா அவரிடம் கேட்டார்.

“வேணாம்க்கா,” என்றார் இராஜநாயகம். “செக்ரட்டரி சேர் பாவம்.”

9

படிவத்தைப் படகின் மேல் விரித்து, பேனாவைத் திறந்தேன். அன்று அதில் என்ன செய்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. ஸ்ரீஸ்கந்தராசாவும் அருந்ததி அக்காவும் இன்றும் வெள்ளவத்தையில்தான் இருக்கிறார்கள், சஞ்சிகைகள் வாசிப்பவர்கள், கதை முடிவு தங்களுக்குத் தெரிந்ததுபோல் இல்லாவிட்டால் வருந்துவார்கள், இருந்தால் அதைவிட வருந்துவார்கள்.

தவிர, வெட்டுவது எனக்கு எவ்வளவு கடினம் என்பதை முதற் பகுதியிலேயே கண்டீர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். சுற்றிலும் டிக். நடுவில் பத்துக்கு ஆறு துளி. ஓர் இரவு முழுவதும் இரண்டு மின்குமிழ்கள். ஒருபுறம் வாவி, மறுபுறம் ஞாயிற்றுக்கிழமை. லொறி நிற்கிறது. ஸ்ரீஸ்கந்தராசா உங்களைப் பார்க்கவில்லை. சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்புகூர்ந்து பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள்.

மேற்றளம்: உறுதியானது / உறுதியற்றது

(பொருந்தாததை வெட்டிவிடுக.)